நான்கு மாதத் தங்கை

அத்தியாயம் பதினொன்று

நானும் என் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளாமல் ஒரு வாரம் ஓடிவிட்ட நிலையில், இருவரும் ஒரே காரில் ஒரே அலுவலகத்துக்குப் போக வேண்டியதாயிற்று. நான் முன் இருக்கையில். பாப்பா பின்னால். ஓட்டியவள் மருமகள்.

அறுபதை நெருங்கும் பெண்மணியைப் பாப்பா என்று அழைப்பது வெளியாருக்கு வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் வீட்டின் கடைக்குட்டி அவள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளுக்குக் கல்யாணமாகி, கணவனும் போய்ச் சேர்ந்த பிறகும் பாப்பாதான்.

எங்கள் மனத்தாங்கல் என்னவென்று தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் மகன் எங்களை இந்த நாட்டுக்கு அழைத்துக்கொண்டான். மனைவியை இழந்த என்னையும், தாயில்லாத அவனை வளர்த்து ஆளாக்கிய அத்தை பாப்பாவையும். வந்த களைப்புத் தீர்வதற்குள் பாப்பா வேலை தேடிக்கொண்டாள். கடைவீதியில் ஒரு தையல் கடை. புதிதாகத் தைப்பதெல்லாம் இல்லை. பிறர் வாங்கிய உடுப்புக்கு நீளம் குறைத்து, இடுப்புப் பிடித்து, ஜிப் மாற்றித் தருகிற இடம்.

கடைக்குக் கடை ஏறித் தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்திய அதிகாரி நான். என்னைக் கண்டால் பெரிய மண்டிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். என் தங்கை ஊரார் கால்சட்டைக்கு விளிம்பு மடித்துத் தைப்பதா? கூடாது என்றேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் சாப்பாட்டுத் தட்டை என் முன் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் தூது போனதெல்லாம் மருமகள்தான்.

வேலையில் சேர அரசாங்க அடையாள எண் வேண்டும். அது இல்லாதவனுக்கு இங்கே சம்பளம் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, மருத்துவர் இல்லை. கடைக்காரம்மா இரண்டு முறை தவணை கொடுத்துவிட்டாள். வருகிற திங்கட்கிழமை எண்ணோடு வரவில்லையென்றால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டாள். எனக்கும் அந்த எண் வேண்டும். ஒரே குடும்பத்துக் கோப்பு. ஆகவே ஒரே நாள், ஒரே கவுண்டர்.

"மாமா, பாஸ்போர்ட் ரெண்டும் எடுத்துக்கிட்டீங்களான்னு அத்தை கேக்கறாங்க."

"கேட்டுச்சு. எடுத்துக்கிட்டேன்னு சொல்லு."

"அத்தை, எடுத்துக்கிட்டாராம்."

"அதுவும் கேட்டுச்சு" என்றாள் பாப்பா.

மருமகள் சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினாள். பல் வைத்தியசாலையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள் அவள். எங்களுக்காக அன்றைக்கு அரைநாள் விடுப்பு. "நாள் பூரா வாயைத் திறங்க, வாயைத் திறங்கன்னு கெஞ்சற இடத்துல வேலை பாக்கறேன். வீட்டுக்கு வந்தா இங்கயும் யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். பின்னால் பாப்பாவும் அடக்கிக்கொண்டாள் என்பது அவள் இருமிய விதத்தில் தெரிந்தது.

அலுவலகக் கூடம் நீளமாக, ஜன்னலே இல்லாமல் இருந்தது. நாற்காலிகளை ஒன்றோடொன்று இரும்புச் சட்டத்தில் பூட்டியிருந்தார்கள். ஒருவர் அசைந்தால் வரிசையே அசைந்தது. எல்லோர் கையிலும் டோக்கன் சீட்டு. எல்லோர் முகமும் சுவரில் எண் மாறும் பலகையைப் பார்த்தபடி. ஒரு மனிதன் சீட்டை உதட்டில் கவ்விக்கொண்டே தூங்கினான். ஒரு தாய், அழுகிற குழந்தைக்குப் பலகையைக் காட்டி, "பாரு, மாறும் பாரு" என்று அவள் மொழியில் சொல்லியிருக்க வேண்டும். மாறவில்லை. குழந்தை இன்னும் பலமாக அழுதது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். முதுகு வலித்தது. ஆனாலும் சாயவில்லை. வாழ்நாள் முழுக்கக் கவுண்டருக்கு உட்புறத்தில் இருந்தவனுக்கு வெளிப்புறம் பழகச் சில காலம் ஆகும்.

பாப்பா தன் பையிலிருந்து இரண்டு ரொட்டித் துண்டுகளை எடுத்து மருமகளிடம் கொடுத்தாள். "மாத்திரை போடணும், வெறும் வயித்துல போட வேண்டாம்னு சொல்லு."

மருமகள் என்னிடம் நீட்டினாள். எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு அலுத்துவிட்டது போல.

எங்கள் எண் வந்தபோது மதியம் நெருங்கிவிட்டது. கவுண்டரில் இருந்தவர் நடுவயதுக்காரர். மூக்கு சிவந்து, மேசையில் ஒரு பெட்டிக் காகிதக் கைக்குட்டையோடு இருந்தார். எங்களைப் பார்த்துத் தும்மினார். மனத்துக்குள் அவருக்கு ஜலதோஷக்காரர் என்று பெயர் வைத்தேன். மருமகள் தான் மொழிபெயர்ப்பதாகச் சொன்னாள். உறவினர் மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதியாம். அவர் ஒரு தொலைபேசியை எடுத்து மேசை நடுவில் வைத்து ஒலிபெருக்கியைத் திருகினார்.

"வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா. நான் மொழிபெயர்ப்பாளர் பேசறேன். அவர் சொல்றதை உங்களுக்கும், நீங்க சொல்றதை அவருக்கும் அப்படியே சொல்லுவேன். எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

இளம் பெண்ணின் குரல். எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறாள். நல்ல தெளிவான பேச்சு. கேட்க ஆறுதலாக இருந்தது.

முதலில் எல்லாம் சுமுகமாகத்தான் போயிற்று. முகவரி, வந்த தேதி, அழைத்தவர் யார், அவருக்கு நான் என்ன உறவு, எனக்குப் பாப்பா என்ன உறவு. ஜலதோஷக்காரர் தட்டச்சு செய்தபடியே இருந்தார். பிறகு நின்றார். திரையை உற்றுப் பார்த்தார். அழித்துவிட்டு மறுபடி அடித்தார். திரை சிவப்பாகியது. மூக்கைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியிடம் ஏதோ சொன்னார்.

அந்தப் பக்கம் மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஐயா, அவர் ஒண்ணு கேக்கறார். நான் கேக்கறதா நினைச்சுக்காதீங்க."

"சொல்லுங்கம்மா."

"உங்க ரெண்டு பேருக்கும் அம்மா ஒருத்தர்தானான்னு கேக்கறார்."

"ஒருத்தர்தான். இதென்ன கேள்வி?"

"உங்க பிறந்த தேதி ஜூன் மாசம்னு பாஸ்போர்ட்ல இருக்கு. உங்க தங்கச்சியோடது அதே வருஷம் அக்டோபர். நாலு மாச இடைவெளியில ஒரே தாய்க்கு ரெண்டு பிள்ளை எப்படின்னு கேக்கறார்."

இத்தனை காலத்தில் எங்கள் இருவருடைய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் பிறந்த நாள் கொண்டாடுகிற வழக்கம் இல்லை. பள்ளிச் சான்றிதழில் இருந்ததை உத்தியோகத்துக்குக் கொடுத்தேன். அவள் தன்னுடையதை வேறு எங்கோ கொடுத்தாள். இப்போதுதான் இரண்டும் ஒரே திரையில் சந்தித்துக்கொண்டன.

பாப்பா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

நடந்தது என்ன என்று நான் விளக்கினேன். அந்தக் காலத்தில் பிறப்புச் சான்றிதழ் என்று யாரும் வாங்கியதில்லை. பள்ளியில் சேர்க்கப் போனால் கையைத் தலைக்கு மேலே வளைத்து எதிர்ப்பக்கக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. எனக்குச் சிறு வயதில் நெஞ்சுச் சளி, அதனால் தாமதமாகத்தான் பள்ளிக்கு அனுப்பினார்கள். பாப்பாவுக்கு நீளமான கைகள், வயது நிரம்புவதற்கு முன்பே தொட்டுவிட்டாள். அப்பா இருவரையும் ஒரே நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தார். தலைமையாசிரியர் இருவரும் காதைத் தொட்டதைப் பார்த்து இருவருக்கும் ஒரே வருஷத்தை எழுதினார். நான் மூத்தவன் என்பதால் எனக்கு முந்தின மாதம், அவளுக்குப் பிந்தின மாதம். எங்களுக்கு இடையில் மூன்று வயது வித்தியாசம் உண்டு என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"காதையா ஐயா?" என்றது தொலைபேசி.

"காதைத்தான். சொல்லுங்க."

அவள் சொன்னாள். ஜலதோஷக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லத் தன் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டுப் பார்த்தார். பக்கத்துக் கவுண்டர் பெண்ணும் தொட்டுப் பார்த்தாள். கூடத்தில் காத்திருந்தவர்களில் சிலர், எண் வாங்க இது ஒரு விதிமுறை என்று நினைத்தோ என்னவோ, தாங்களும் கையைத் தூக்கினார்கள்.

ஜலதோஷக்காரர் சிரித்தார். நல்ல மனிதர்தான். ஆனால் சிரித்து முடித்ததும் திரை சிவப்பாகவே இருந்தது.

"ஐயா, அவர் உங்களை நம்பறாராம். ஆனா கம்ப்யூட்டர் காதை ஒத்துக்காதாம். தேதி தப்புன்னு எழுதிக் கொடுத்தா பாஸ்போர்ட்டும் தப்புன்னு ஆயிடும். ரெண்டு பேர் கோப்பும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். எப்ப முடியும்னு அவரால சொல்ல முடியாதாம்."

"வேற வழி?"

"ஒரு கட்டம் இருக்காம். தகப்பனார் ஒருத்தர், தாய் வேறன்னு. உங்கள்ல ஒருத்தர் பேருக்கு நேரா அதுல குறி போட்டா கம்ப்யூட்டர் விட்டுடுமாம். அந்த மாதிரி குடும்பங்கள் இங்க நிறைய வருது, இதுல தப்பா நினைக்க ஒண்ணும் இல்லைங்கறார்."

எனக்குக் காதுமடல் சூடாயிற்று.

என் தாய் பல காலம் படுத்த படுக்கையாகக் கிடந்தவள். இன்னொருத்தியைக் கட்டிக்கொள் என்று உறவுக்காரர்கள் அத்தனை பேரும் வந்து என் தகப்பனாரிடம் சொன்னார்கள். பெண்ணையே கையோடு கூட்டி வந்தவர்களும் உண்டு. அவர் வாசலோடு அனுப்பிவிட்டார். தானே உலை வைத்தார். தானே அவளுக்குத் தலை வாரினார். பின்னல் கோணலாக இருக்கும். அம்மா கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்துச் சிரிப்பாள். அந்த மனிதருக்கு இரண்டு வீடு என்று நான் கையெழுத்துப் போடுவதா? அதுவும் நம் மொழி பேசுகிற ஒரு பெண் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது?

"அம்மா, இதைச் சொல்லுங்க. என் தகப்பனாரைப் பத்தி அப்படி எழுத எந்தக் கம்ப்யூட்டருக்கும் யோக்கியதை கிடையாது."

"ஐயா, இதையும் சொல்லணுமா?"

"கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன்னு நீங்கதான் சொன்னீங்க."

அவள் சொன்னாள். ஜலதோஷக்காரர் மூக்கைச் சிந்திவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார்.

"கம்ப்யூட்டர்கிட்ட தெரிவிச்சுடறேன்ங்கறார். உங்களுக்கு யோசிக்க நேரம் வேணும்னா மதியத்துக்கு மேல வரச் சொல்றார். டோக்கன் வேண்டாமாம். மூணு மணிக்குக் கவுண்டர் மூடிடுவாங்களாம்."

நான் எழுந்துகொண்டேன். யோசிக்க எதுவும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பாப்பா முந்திக்கொண்டாள்.

"வரோம்னு சொல்லும்மா."

கட்டடத்துக்குப் பக்கவாட்டில் சைக்கிள் நிறுத்தத் தகரக் கூரை போட்டிருந்தார்கள். மருமகள் வேலைக்கு வர முடியாததைச் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். காற்று அடித்தது. நான் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். பாப்பா ஒரு திண்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"குறி போட்டுடலாம்" என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

"அப்பாவுக்கா?"

"அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. அவர் போய்ச் சேந்தாச்சு. அந்தக் கம்ப்யூட்டரை யாரு படிக்கப் போறா?"

"நான் படிச்சாச்சே."

"நீங்க படிச்சதை மறந்துடுங்க."

"எது எதை மறக்கறதுன்னு ஒரு கணக்கு இருக்கு பாப்பா. அப்பா அம்மாவுக்காக எப்படி இருந்தார்னு உனக்குத் தெரியாதா?"

"உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும். நீங்க உத்தியோகம்னு ஊர் ஊரா போனீங்க. அவங்க ரெண்டு பேரையும் கடைசி வரைக்கும் பாத்தவ நான்." அவள் குரல் உயரவில்லை. களைத்துப்போய் இருந்தது. "அப்பறம் என் வீட்டுக்காரரைப் பாத்தேன். அப்பறம் உங்க பையனை. நான் ஒருத்தர்கிட்டயும் குறை சொல்லல. ஆனா செருப்பு அறுந்தா மாத்திக்க இன்னைக்கும் உங்க பையன்கிட்டதான் நிக்கணும். அவன் நல்ல பையன். கேக்கறதுக்கு முன்னாடி வாங்கித் தருவான். எனக்கு அதுதான் முடியல."

"அவன் யாரு? நீ வளத்த பிள்ளை."

"அதனாலதான் முடியல."

ஒரு பையன் வந்து தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

"ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லு" என்றாள். "உனக்கு அப்பா மானம் பெரிசா, இல்ல நான் வேலைக்குப் போகாம இருக்கறது பெரிசா?"

சின்ன வயதில் என்னை அவள் நீ என்றுதான் கூப்பிடுவாள். நான் உத்தியோகத்தில் சேர்ந்த அன்றைக்கு அது நீங்கள் ஆயிற்று. அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் பழைய சொல்லைக் கேட்டேன்.

எனக்குப் பதில் தெரிந்திருந்தால் உடனே சொல்லியிருப்பேன். தெரியவில்லை. காற்றில் கண் கரித்தது. கோப்பின் முடிச்சைச் சரி செய்தேன்.

"நான்தான் சின்னவ" என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டு. "என் பேர்லயே குறி போடச் சொல்லு. ரெண்டாவது சம்சாரத்தோட பொண்ணுன்னு நானே இருந்துட்டுப் போறேன். நீ மூத்தவனா, முறையான பிள்ளையா இரு. உன் மானத்துக்கும் குறைச்சல் இல்ல."

என் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே நடந்தாள்.

மறுபடி அதே மேசை, அதே தொலைபேசி, அதே குரல். பாப்பா உட்காரக்கூட இல்லை. "அவர்கிட்ட சொல்லும்மா. எங்க அம்மா வேற வேற. நான் ரெண்டாவது வீட்டுப் பிள்ளை." மடமடவென்று ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். அந்தப் பெண் சிறிது தயங்கிவிட்டு மொழிபெயர்த்தாள். ஜலதோஷக்காரர் என்னைப் பார்த்தார். நான் கோப்பின் முடிச்சைப் பார்த்தேன். அவர் தலையசைத்து, பாப்பாவைப் புகைப்படமும் கைரேகையும் எடுக்கப் பக்கத்து அறைக்குப் போகச் சொன்னார். மருமகள் துணைக்குப் போனாள்.

கதவு மூடிக்கொண்டது. அவர் தொலைபேசியிடம் குனிந்தார்.

"ஐயா, ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்ங்கறார். யார் பேர்ல குறி விழுதோ, அவங்க கோப்பு மாடிக்குப் போகும். மேலதிகாரி ஒரு தடவை பாக்கணும். அவங்களுக்கு இன்னைக்கு எண் கிடைக்காது. இன்னொருத்தருக்கு இப்பவே குடுத்துடுவார்."

"மேலதிகாரி எப்ப பாப்பார்?"

"அது இவர் கையில இல்லையாம். அடுத்த வாரமும் ஆகலாம், அதுக்கு மேலயும் ஆகலாம்."

அடுத்த வாரம் என்றால் திங்கட்கிழமை தாண்டிவிடும். கடைக்காரம்மா வேறு ஆளை வைத்துக்கொள்வாள். என் தங்கை கால்சட்டை மடித்துத் தைக்க மாட்டாள். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவளே கேட்டு வாங்கிக்கொண்ட குறி. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். நான் விரும்பியபடியே எல்லாம் நடந்துவிடும். என்னை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

ஜலதோஷக்காரர் விரலைத் தட்டச்சுப் பலகைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பாப்பா சொன்ன அந்தச் சொல்தான் என்னைக் குடைந்தது. ரெண்டாவது வீட்டுப் பிள்ளை. அம்மாவின் மலஜலம் எடுத்த கை அவளுடையது. அம்மா கடைசியாகத் தண்ணீர் கேட்டதும் அவளிடம்தான். அந்த வீட்டில் அவளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே உட்கார எனக்கு என்ன முகம் இருக்கிறது?

"அம்மா" என்றேன் தொலைபேசியிடம். "என் தங்கச்சி தப்பாச் சொல்லிட்டா. அவ மூத்த சம்சாரத்து மக. குறி என் பேர்ல போடணும்."

"ஐயா, நீங்க மூத்தவர்..."

"ஜூன் முந்தியா, அக்டோபர் முந்தியான்னுதானே கம்ப்யூட்டர் பாக்கும்? யாரு எந்த வீட்டுல பிறந்தான்னு நான்தானே சொல்லணும்? சொல்றேன். நான் வெளியில பிறந்தவன்."

 அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு சொன்னாள். அவர் பதிலுக்கு ஒன்று கேட்டார், அவள் எனக்குச் சொன்னாள்.

"உங்க பாஸ்போர்ட்லயும் அதே தாயார் பேர்தானே இருக்குன்னு கேக்கறார்."

"அது வளத்தவங்க பேர்."

"பெத்தவங்க பேர்?"

தராசில் ஒரு குன்றிமணி குறைந்தாலும் முத்திரை குத்த மறுத்தவன் நான். பொய்யை எடை போட்டுப் பழக்கமில்லாத நாக்கு. ஒரு பெயரைச் சொல்லிவிடலாம், ஏதாவது ஒன்று. ஆனால் எந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னாலும் அவள் என் தகப்பனாரோடு ஒட்டிக்கொள்வாள்.

"தெரியாது" என்றேன்.

"தெரியாதுன்னே போடலாமாம்" என்றாள் அவள், மிகவும் மெதுவாக. கொஞ்சம் பொறுத்து, "ஐயா, இங்க பேசறது எதுவும் வெளியில போகாது. அது எங்க விதி" என்றாள். ஜலதோஷக்காரர் அதையும் மொழிபெயர்க்கச் சொல்லி அவளைப் பார்ப்பது போலத் தொலைபேசியைப் பார்த்தார். அவள் மொழிபெயர்த்த மாதிரி தெரியவில்லை.

திரை வெள்ளையாயிற்று. இயந்திரம் இரண்டு தாள்களைத் துப்பியது.

காரில் ஏறியதும் பாப்பா தன் தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். இந்த நாட்டு எழுத்தில் எண்களை மட்டும்தான் அவளுக்குப் படிக்க வரும். உதடு அசைய ஒவ்வொன்றாக எண்ணிப் படித்தாள். மனப்பாடம் செய்கிறாள் என்று தெரிந்தது. இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"நம்பர் கிடைச்சுது. ஆனா அந்த ரூம்ல கண்ணாடியில விரலை வெச்சப்ப அம்மா ஞாபகம் வந்துடுச்சு" என்றாள். "அம்மாவே இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டோமேன்னு."

மருமகள் கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். "அத்தை, உங்க தாள்ல பாட்டி பேர் சரியாத்தானே இருக்கு? நான் வாங்கும்போதே பாத்தேன். குறியும் இல்ல."

"இல்லையா?"

"இல்லையே."

பாப்பா முன் இருக்கைக்கு மேலாகக் கையை நீட்டினாள்.

"உன் தாளைக் குடு."

"வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

"அண்ணா, குடு."

நான் கொடுக்கவில்லை. அவளே என் சட்டைப் பையிலிருந்து எடுத்தாள். அதில் எண் இல்லை. அந்த அளவுக்கு அவளால் பார்க்க முடிந்தது. மருமகளிடம் நீட்டினாள். மருமகள் வண்டியைக் கிளப்பாமல், சாவியில் கையை வைத்தபடியே படித்தாள்.

"தாய், தெரியவில்லை." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அடுத்த வாரம் மாடியில மேலதிகாரி முன்னாடி வரணுமாம். அழைச்சவரும் கூட வரணும்னு இருக்கு மாமா. உங்க பையன். அவர்கிட்ட என்ன சொல்றது?"

"நான் சொல்லிக்கறேன். நீ வண்டியை எடும்மா."

என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. தன் தாத்தாவின் படத்தை இந்த நாட்டு வீட்டிலும் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறவன் அவன்.

பாப்பா என் தாளை வாங்கி நான்காக மடித்தாள். தன் தாளோடு சேர்த்துக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அதைக் குடு. எனக்கு வேணும்."

"மாடிக்கு நானும் வரேன்" என்றாள். "உன் அம்மா யாருன்னு அங்க நான் சொல்றேன்."

"ரெண்டு பேருக்கும் ஒரே அம்மான்னு சொன்னா உன் நம்பரைத் திருப்பி வாங்கிடுவாங்க. திங்கக்கிழமை சேரப்போற வேலையும் போகும். புரியுதா?"

 அவள் பையை மடியில் வைத்து இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.